இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதா, கிரேட் இன்ஜின் ஏற்றுவதா?

புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது, லோடு ஏற்றினால் மேட்டில் இழுக்கவில்லை என்று வந்து நிற்கும் லாரிக்கு இரண்டு வழிதான். இருக்கிற இன்ஜினை இறக்கிப் பிரித்து, தேய்ந்ததை மாற்றிக் கட்டுவது ஒன்று. தொழிற்சாலையிலேயே கட்டி முடித்து மரப்பெட்டியில் அடைத்து அனுப்பும் கிரேட் இன்ஜினை வாங்கி ஏற்றுவது மற்றொன்று. பெரும்பாலானோர் இரண்டுக்கும் விலை கேட்டுவிட்டு அங்கேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள உடல்) கிராங்கும் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) என்ன நிலையில் இருக்கின்றன, இன்ஜின் எதனால் கெட்டது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்காதவரை, பட்டறையில் எழுதித் தரும் எஸ்டிமேட் வெறும் ஊகம்தான்.

கெட்டது இன்ஜின்தானா?

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால், "பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, ரிங் போச்சு" என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். சிலிண்டர் அழுத்தத்தைக் கீழே விடாமல் பிஸ்டனைச் சுற்றித் தடுக்கும் ரிங் தேய்ந்தாலும் அப்படித்தான் வரும். ஆனால் அதே புகைக்கு வேறு மூன்று காரணங்களும் இருக்கலாம். அவற்றை ஒதுக்காமல் இன்ஜினை இறக்கக் கூடாது.

முதலாவது, ஏர் பிரேக் கம்ப்ரஸர். இன்ஜின் ஆயிலில் ஓடும் கம்ப்ரஸர், தன் ஆயிலை கிராங்க் கேஸுக்கே (கிராங்க் சுழலும் அடிப்பகுதிக்கே) திருப்பி அனுப்புகிறது. அதன் ரிங் தேய்ந்தால், அழுத்தப்பட்ட காற்று அந்த வழியாகவே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். இரண்டாவது, டர்போ. டர்போ ஷாஃப்ட்டின் சீல் தேய்ந்தால், எக்ஸாஸ்ட் அழுத்தமும் பூஸ்ட் காற்றும் ஆயில் திரும்பும் பைப் வழியாகச் சம்ப்புக்குள் (ஆயில் தேங்கும் அடித்தொட்டிக்குள்) போகும். மூன்றாவது, கிராங்க் கேஸ் காற்றை வெளியே விடும் பிரீதர். அது அடைத்திருந்தால் நல்ல இன்ஜினிலும் அழுத்தம் ஏறி, சீல்கள் வழியே ஆயில் கசியும்.

சோதிக்கும் முறை எளியது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, பிரீதர் பைப்பில் தண்ணீர் மானோமீட்டர் (சிறு அழுத்தத்தை அளக்கும் குழாய்) வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கம்ப்ரஸரை லோடு இல்லாத நிலைக்குக் கொண்டுபோய் மறுபடி அளங்கள். அளவு சட்டென்று இறங்கினால் கோளாறு கம்ப்ரஸரில். இறங்காவிட்டால், டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி பிளாக் பக்கத் துளையை அடைத்து, பைப்பை ஒரு வாளியில் விட்டு, சில நொடி மட்டும் ஓட்டி அளங்கள். இந்தச் சோதனைகளிலும் அளவு அசையவில்லை என்றால்தான் ரிங், லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை), பிஸ்டன் பக்கம் போக வேண்டும்.

புகையின் நிறத்தையும் கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அது ரிங்கிலிருந்தும் வரலாம், வால்வு கைடிலிருந்தும் டர்போவிலிருந்தும் வரலாம். கறுப்புப் புகை பெரும்பாலும் காற்றுக் குறைவு அல்லது நாசில் கோளாறு. வெள்ளைப் புகை எரியாத டீசல் அல்லது கூலன்ட். ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டை முதலில் பாருங்கள்.

பிரிப்பதற்கு முன்பே எடுக்கும் அளவுகள்

பெட்ரோல் இன்ஜினில் எல்லா பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுங்கள். மிகக் குறைந்த அளவு, மிக அதிக அளவின் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது. டீசலுக்கு டீசல் கேஜ் வேண்டும். 20 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும் இடத்தில் பெட்ரோல் கேஜ் தாங்காது. காமன் ரெயில் (கணினி கட்டுப்படுத்தும் டீசல் அமைப்பு) வண்டி என்றால், ஸ்கேனரில் கம்ப்ரஷன் ஒப்பீட்டுச் சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து எந்தச் சிலிண்டர் பலவீனம் என்று அதுவே காட்டிவிடும்.

பலவீனமான சிலிண்டர் தெரிந்ததும் லீக் டவுன் சோதனை. பிஸ்டனை மேலே நிறுத்தி, சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, எங்கே சீறுகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள். பிரீதரில் சீறினால் ரிங். சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் கிளீனர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட், இல்லையென்றால் ஹெட்டில் விரிசல். சீறுவது வால்விலும் கேஸ்கெட்டிலும் மட்டும் என்றால் ஹெட் வேலையோடு முடிந்துவிடும். கிரேட் இன்ஜின் பேச்சே தேவையில்லை.

அடுத்து ஆயில். சூடான இன்ஜினில் ஐடிலிங்கின்போது ஆயில் பிரஷர் என்ன என்பதை டேஷ்போர்டு முள்ளை நம்பாமல் தனி கேஜ் மாட்டிப் பாருங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் காகிதத்தைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் பொடி இரும்பு: லைனர், ரிங், கிராங்க், கியர். ஒட்டாத வெள்ளி நிறச் செதில் பிஸ்டன் அலுமினியமாகவும் இருக்கலாம், பேரிங்கின் மேல்பூச்சாகவும் இருக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடிப்பகுதி தேயத் தொடங்கிவிட்டது. ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இன்னும் தெளிவு கிடைக்கும். சிலிக்கானும் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து ஏறியிருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. ஈயமும் செம்பும் ஏறியிருந்தால் பேரிங். சோடியம், பொட்டாசியம் தெரிந்தால் ஆயிலில் கூலன்ட் கலக்கிறது.

உங்கள் பிளாக் எந்த ரகம்?

பிளாக்கின் ரகத்தைப் பொறுத்து பாதி முடிவு இங்கேயே வந்துவிடும். ஈர லைனர் (வெளிப்புறத்தைக் கூலன்ட் தொடும், கழற்றக்கூடிய லைனர்) இன்ஜின் என்றால், லைனரை உருவிவிட்டுப் புது லைனர், பிஸ்டன், ரிங் செட் போடலாம். போர் (சிலிண்டர் துளை) அளவு புத்தம் புதிதாகிவிடும். பிளாக் நன்றாக இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். பல கனரக லாரிகளில் இன்ஜினை இறக்காமலே, மேலே ஹெட்டையும் கீழே சம்ப்பையும் கழற்றி இந்த வேலையை முடிக்க முடியும். இத்தகைய இன்ஜினுக்கு ரீபில்ட் (பிரித்துக் கட்டும்) பக்கமே தராசு சாயும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. சேசிஸில் வைத்தே செய்யும் வேலையில் கிராங்கைக் கிரைண்ட் செய்ய முடியாது, கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் வரிசையை அளக்க முடியாது, கேம் பேரிங்கைத் தொட முடியாது. பேரிங் சத்தம் போட்ட இன்ஜினுக்கு இந்த முறை வேண்டாம். லைனரை உருவியதும் அதன் வெளிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் குழிகள் ஒரே பக்கமாக வரிசையாக இருந்தால் அது கேவிட்டேஷன். பிஸ்டன் தட்டும் அதிர்வில் லைனரை ஒட்டிய கூலன்டில் குமிழிகள் உண்டாகி உடைந்து இரும்பை அரித்திருக்கின்றன. கூலன்டில் அதற்கான சேர்க்கைப் பொருள் குறைந்துபோனதன் விளைவு இது. வெறும் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் புது லைனருக்கும் இதே கதிதான்.

லைனர் இல்லாமல் பிளாக்கிலேயே நேராக போர் போட்ட இன்ஜின்களும் உண்டு. 102 மி.மீ. போர், 120 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட கம்மின்ஸ் 5.9 லிட்டர் பி சீரிஸ் அப்படிப்பட்டது. பழைய பிக்கப்புகளின் ஷெவர்லே 350 பெட்ரோல் இன்ஜினும் அப்படித்தான். இவற்றில் போர் தேய்ந்தால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிகள் உண்டு. ஏற்கெனவே கடைசிப் படிவரை போய்விட்ட பிளாக்குக்கு ஸ்லீவ் (உள்ளே புதிதாக ஒரு குழாய்) அடிக்கலாம். ஒரு சிலிண்டரில் மட்டும் கீறல் என்றால் அது நியாயமான வேலை. ஆறுக்கும் ஸ்லீவ் என்றால் கிரேட் இன்ஜினின் விலையை விசாரிக்கத் தொடங்குங்கள்.

பிரித்த பிறகு: எண்களைக் கேளுங்கள்

லேத் பட்டறையிலிருந்து "கிராங்க் பரவாயில்லை, போர் லேசாகத் தேய்ந்திருக்கு" என்று பதில் வந்தால் ஏற்காதீர்கள். காகிதத்தில் எண்களாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு போரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று மட்டத்தில், ஒவ்வொரு மட்டத்திலும் நெடுக்கிலும் குறுக்கிலும் போர் கேஜால் அளக்க வேண்டும். சிலிண்டருக்கு ஆறு எண்கள். மேல் அளவு, ரிங் நின்று திரும்பும் விளிம்புக்குச் சற்றுக் கீழே எடுக்கப்பட வேண்டும். அதிகம் தேய்வது அங்கேதான். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர். நெடுக்குக்கும் குறுக்குக்கும் உள்ள வித்தியாசம் வட்டம் கெட்ட அளவு. இரண்டையும் மேனுவலில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள்.

கிராங்கில் ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங்கில் சுழலும் பகுதி) மைக்ரோமீட்டரால் நான்கு இடத்தில் அளக்க வேண்டும். பேரிங் ஷெல்லும் (அரைவட்டத் தகடு) 0.25 மி.மீ. படிகளில் அண்டர்சைஸில் கிடைக்கும். கிரைண்ட் செய்யும்போது ஜர்னலின் இரு ஓரத்திலும் இருக்கும் வளைவு அப்படியே இருக்க வேண்டும். அந்த மூலையைச் சதுரமாக வெட்டிவிட்டால் கிராங்க் பிறகு அங்கேதான் உடையும். நைட்ரைடு செய்த கிராங்க் என்றால் கடினமான தோல் மிக மெல்லியது. கிரைண்ட் செய்ததும் அது போய்விடும். மீண்டும் நைட்ரைடு செய்யும் வசதி இல்லையென்றால் புது கிராங்க்தான். அளவெடுப்பதற்கு முன்பே காந்தப் பொடி வைத்து விரிசல் பார்த்துவிடச் சொல்லுங்கள். விரிசல் விட்ட கிராங்கை அளந்து என்ன பயன்?

பழைய பேரிங் ஷெல்களைத் தூக்கி எறியாதீர்கள். எந்த ஜர்னல், மேல் ஷெல்லா கீழ் ஷெல்லா என்று மார்க்கரால் எழுதி வரிசையாக அடுக்குங்கள். எல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் வயதுதான் காரணம். மணல் பதிந்ததுபோல் புள்ளியும் கீறலும் இருந்தால் அழுக்கு. பூச்சு வழித்துக்கொண்டுபோய் நீலம் பாரித்திருந்தால் ஆயில் வரவில்லை. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது அல்லது ஜர்னல் கூம்பாகிவிட்டது. ஷெல் தன் இடத்திலேயே சுற்றியிருந்தால் விஷயம் பெரிது. ராடில் சுற்றியிருந்தால் ராடை மாற்றலாம். மெயினில் சுற்றியிருந்தால் பிளாக்கின் பேரிங் துளை கெட்டிருக்கும், எல்லா மெயின் துளைகளையும் ஒரே வரிசையில் வெட்டும் லைன் போர் செய்ய வேண்டும். லைன் போர் செய்தால் கிராங்க் மயிரிழை மேலே ஏறும். டைமிங் கியரின் இடைவெளியும், பிஸ்டன் ஹெட்டை நெருங்கும் அளவும் மாறும். இதையெல்லாம் கணக்கிட்டுச் செய்யும் பட்டறை பக்கத்தில் இல்லையென்றால் மெயின் ஷெல் சுற்றிய பிளாக்கை விட்டுவிடுங்கள்.

எந்தத் தயக்கமும் இல்லாமல் கிரேட் இன்ஜின் பக்கம் போக வேண்டிய நிலைகள் சில உண்டு: ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது, வாட்டர் ஜாக்கெட்டில் விரிசல், மெயின் கேப்புக்குப் பக்கத்தில் விரிசல், லைனர் உட்காரும் படி அரித்துப்போய் வெட்டிச் சரிசெய்ய இடமில்லாதது. பி சீரிஸ் கம்மின்ஸில் பக்கவாட்டில் 53 என்று வார்ப்பு எண் உள்ள பிளாக்குகள் வாட்டர் ஜாக்கெட்டில் விரிசல் விடுவதற்குப் பெயர்போனவை. அந்த எண்ணைப் பார்த்தால், செலவு செய்வதற்கு முன் பிளாக்கை அழுத்தம் ஏற்றிச் சோதியுங்கள்.

எதனால் கெட்டது?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவே கூடாது. கிரேட் இன்ஜின் ஏற்றிய சில மாதத்திலேயே மறுபடி பேரிங் போகும் வண்டிகளில், பழைய இன்ஜினைக் கொன்ற காரணம் வண்டியிலேயே தங்கியிருக்கும்.

பேரிங் பொடியான இன்ஜினின் ஆயில் கூலரைக் கழுவி மீண்டும் மாட்டுவதுதான் இதில் முதல் தவறு. கூலரின் நெருக்கமான தகடுகளுக்கு நடுவே சிக்கிய உலோகத்தூள் எந்தக் கரைப்பானுக்கும் முழுதாக வெளியே வராது. சூடான ஆயில் வேகமாக ஓடும்போது ஒவ்வொன்றாகக் கழன்று புது பேரிங்குக்குப் போகும். கூலரைப் புதிதாக மாற்றுங்கள். ஆயில் லைன்களைக் கழற்றித் தனித்தனியாக ஊதுங்கள். டர்போ உடைந்த வண்டியில் இன்டர்கூலருக்குள் ஆயிலும் இறக்கைத் துண்டுகளும் கிடக்கும். அப்படியே மாட்டினால், தேங்கிய ஆயிலை இன்ஜின் இழுத்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வேகம் அடங்காமல் ஓடக்கூடும். ஹை பிரஷர் பம்ப் உதிர்ந்த காமன் ரெயில் வண்டியில் டேங்கிலிருந்து நாசில்வரை எல்லா இடத்திலும் இரும்புத்தூள் இருக்கும்.

தூசியால் தேய்ந்த இன்ஜின் என்றால், ஏர் கிளீனரிலிருந்து டர்போவரை உள்ள ஒவ்வொரு ரப்பர் இணைப்பின் உட்புறத்தையும் விரலால் துடைத்துப் பாருங்கள். கிளீனருக்குப் பின்னால் விரலில் மண் ஒட்டினால், அங்கேதான் ஓட்டை. சூடேறிக் கெட்ட இன்ஜின் என்றால் ரேடியேட்டர், ஃபேன் கிளட்ச், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் நான்கையும் சோதிக்காமல் புது இன்ஜினை ஏற்றாதீர்கள்.

பெட்டிக்குள் என்ன வரும்?

கிரேட் இன்ஜின் என்ற ஒரே பெயரில் மூன்று விதமாக விற்கிறார்கள். ஷார்ட் பிளாக் என்றால் பிளாக், கிராங்க், ராடு, பிஸ்டன் வரை. லாங் பிளாக்கில் ஹெட்டும் வால்வு வேலைகளும் சேரும். முழு இன்ஜினில் மேனிஃபோல்டு, ஃபியூயல் வேலை, சிலவற்றில் டர்போவும் வரும். இதுதவிர, புத்தம் புதியதா அல்லது பழையதைத் தொழிற்சாலையில் புதுப்பித்த ரீமேன் இன்ஜினா என்பதும் வேறு. எது உங்களுக்கு வருகிறது என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

லாங் பிளாக் வாங்கினால் பழைய இன்ஜினிலிருந்து எடுத்து மாட்ட வேண்டியவை ஏராளம்: ஃபியூயல் பம்ப், நாசில், டர்போ, மேனிஃபோல்டுகள், ஏர் கம்ப்ரஸர், டைனமோ, செல்ஃப், சென்சார்கள், ஒயரிங், மவுண்ட் பிராக்கெட், ஃபிளைவீல். பழைய நாசில் சொட்டிக்கொண்டிருந்தால் புது பிஸ்டனின் தலையை உருக்கிவிடும். அதனால் இவற்றின் செலவையும் சேர்த்தே கிரேட் இன்ஜினின் விலையாகக் கணக்கிட வேண்டும்.

பழைய இன்ஜினைத் திருப்பிக் கொடுத்தால் கழிக்கும் கோர் தொகையின் விதிகளையும் படியுங்கள். பிளாக் உடைந்திருந்தாலோ கிராங்க் இரண்டானாலோ அந்தத் தொகை கிடைக்காமல் போகலாம். பிரித்த இன்ஜினைச் சிலர் ஏற்பதே இல்லை. ஆகவே இன்ஜினைத் திறப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். திறந்தாலும் எல்லா பாகங்களையும் பத்திரமாக வைத்து, திரும்பச் சேர்த்து அனுப்பும் நிலையில் வையுங்கள்.

பொருத்தம் அடுத்தது. சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் கொடுத்தே ஆர்டர் செய்யுங்கள். ஒரே பெயருள்ள இன்ஜினிலும் சம்ப்பின் பள்ளம் முன்னாலா பின்னாலா, கிராங்க் சென்சாருக்கான பல் சக்கரம் எத்தனை பல், பி.டி.ஓ. (வேறு கருவியை ஓட்ட இன்ஜின் சக்தியை எடுக்கும் வழி) துளை உண்டா என்பதெல்லாம் மாறும். ஷெவர்லே 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1986-லிருந்து பின்பக்க மெயின் சீல் ஒரே துண்டாக மாறியது. அதோடு ஃபிளைவீலின் போல்ட் வட்டமும் சிறிதானது, ஃபிளைவீலிலேயே எதிர் எடையும் வந்தது. பழைய ஃபிளைவீலைக் கையில் வைத்துக்கொண்டு புது ரக இன்ஜினை வாங்கினால் மாட்டவே முடியாது. எலக்ட்ரானிக் இன்ஜினில் இசியூ (இன்ஜின் கணினி) புரோகிராம் ஒத்துப்போக வேண்டும், நாசில்களின் டிரிம் (அளவுத் திருத்த) எண்களைப் பதிய வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு நிலை வேறுபட்ட இன்ஜினை ஏற்றினால், வண்டியைப் பதிவு செய்த இடத்தில் சிக்கல் வரும்.

கணக்குப் போடும் முறை

ஒரு தாளில் இரண்டு பத்தி. இன்ஜினை இறக்கி ஏற்றும் கூலி, கிளட்ச், ஹோஸ்கள், மவுண்ட் ரப்பர், கூலன்ட், ஆயில் ஆகியவை இரண்டிலும் வரும். ரீபில்ட் பத்தியில் உதிரிபாகம், லேத் கூலி, கட்டும் கூலி, மேலும் திறந்த பிறகு தெரியவரும் வேலைக்காகக் கால் பங்கு கூடுதல். கிரேட் பத்தியில் இன்ஜின் விலை, ஏற்றி அனுப்பும் செலவு, கோர் தொகை, மாற்ற வேண்டிய வெளிப்பாகங்கள். கடைசியாக, வண்டி நிற்கும் நாட்களை ஒரு நாள் வருமானத்தால் பெருக்கி இரண்டிலும் எழுதுங்கள். லேத் பட்டறையில் வரிசை எவ்வளவு நீளம், கிரேட் இன்ஜின் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டு நாட்களை நிரப்புங்கள். தினமும் ஓட வேண்டிய வண்டிக்கு இந்த ஒரு வரியே விடையை மாற்றிவிடும். வாரத்துக்கு ஒருமுறை ஓடும் வண்டிக்கு அது பொருட்டே இல்லை.

வாரண்டியில் உதிரிபாகம் மட்டுமா, இறக்கி ஏற்றும் கூலியுமா என்று பாருங்கள். வண்டி வெளியூரில் ஓடுகிறது என்றால், எங்கே நின்றாலும் செல்லும் வாரண்டிக்குத் தனி மதிப்பு உண்டு. மறுபக்கம், நல்ல பிளாக்கும் சரியாக அளக்கிற பட்டறையும் உங்களிடம் இருந்தால், கவனமாகக் கட்டிய ரீபில்ட் எந்த ரீமேனுக்கும் குறைந்ததல்ல. உள்ளே என்ன போட்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

கட்டுவதானால்

ஹோனிங் (கல்லால் தேய்த்துக் கோடிடுதல்) முடிந்த போரை டீசலிலும் மண்ணெண்ணெயிலும் கழுவி விட்டுவிடாதீர்கள். அவை கல்துகளைக் கோடுகளுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும். சூடான தண்ணீரும் சோப்பும் பிரஷும் வேண்டும். கழுவி உலர்த்தியதும், சுத்தமான வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டு போரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை இது நடக்கட்டும். புது ரிங் சீக்கிரம் தேய்வதற்கு இந்த ஒரு சோம்பலே போதும்.

ரிங்கை போருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் 100 மி.மீ. போரில் முதல் ரிங்குக்கு ஏறத்தாழ 0.4 மி.மீ. என்பது பழகிய கணக்கு. மேனுவல் சொல்வதே முடிவானது. பேரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் மெல்லிய இழை) வைத்து அளங்கள். ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 75 மி.மீ. ஜர்னலுக்கு 0.075 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் வர வேண்டும். ஈர லைனர் பிளாக் மட்டத்துக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை டயல் கேஜால் நான்கு இடத்தில் அளங்கள். பக்கத்து லைனரோடு ஒத்துப்போகாவிட்டால் ஹெட் கேஸ்கெட் தாங்காது. இறுக்கியபின் கோணத்தால் திருப்பும் ஹெட் போல்ட்களைப் பல இன்ஜின்களில் மீண்டும் போடக் கூடாது.

பழைய 5.9 கம்மின்ஸ் கட்டுகிறவர்கள் டைமிங் கியர் கேஸைப் பொருத்தும் சிறு இரும்பு டவல் பின்னை (இடம் மாறாமல் பிடிக்கும் ஆணி) கவனியுங்கள். அதிர்வில் அது துளையிலிருந்து நழுவி கியருக்குள் விழுந்து இன்ஜினையே உடைக்கும். கில்லர் டவல் பின் என்றே அதற்குப் பெயர். பக்கத்து போல்ட்டில் ஒரு சிறு தகட்டை மாட்டி, பின் வெளியே வராதபடி தடுத்துவிடலாம்.

முதல் ஸ்டார்ட்

எந்த வழியில் போனாலும் இது ஒன்றுதான். ஃபில்டரை ஆயிலால் நிரப்பி, டர்போவின் ஆயில் துளையிலும் ஊற்றி, டீசல் வராமல் நிறுத்திவிட்டு, கேஜில் பிரஷர் ஏறும்வரை செல்ஃபால் சுற்றுங்கள். செல்ஃப் சூடேறாமல் இடைவெளி விடுங்கள். தட்டை டேப்பெட் உள்ள பழைய பெட்ரோல் இன்ஜினில் புது கேம் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 ஆர்.பி.எம்.மில் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். இல்லையேல் கேம் முனைகள் அன்றே தேய்ந்துவிடும். டீசலை மணிக்கணக்கில் ஐடிலில் விடாதீர்கள். அழுத்தம் இல்லாமல் ரிங் போரில் உட்காராது, போர் கண்ணாடிபோல் பளபளத்து ஆயில் குடிக்கத் தொடங்கும். சூடானதும் மிதமான லோடு ஏற்றி, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள். எத்தனை கிலோமீட்டரில் என்பது வாரண்டித் தாளில் இருக்கும். அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். மெல்லிய இரும்புப் பொடி கொஞ்சம் இருந்தால் இயல்பு. செம்பு நிறச் செதில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை நிறுத்தி, சம்ப்பை இறக்கி, பேரிங் கேப் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள்.